அற்றுப்போன ஓர் ஐரிஷ் பட்டம்

வெல்லெஸ்லி என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவருட் பெரும்பாலார் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் கோமகனையே நினைப்பர். சரித்திர பாடத்தைச் சற்றுக் கருத்தூன்றிப் படித்தோர் மட்டும் அவருடைய தமையனாரை, 1798 முதல் 1805 வரை இந்தியாவில் கவர்னர் ஜெனரலாயிருந்த ரிச்சர்டு வெல்லெஸ்லியை, நினைவு கூர்வர். பரீட்சைக்கு வேண்டுவன துணைப்படைத் திட்டமும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சியுமே ஆதலின், அவருடைய பட்டத்தின் கதையை எவரும் நமக்குக் கற்பிப்பதில்லை. மார்க்குவிஸ் வெல்லெஸ்லி என்னும் அப்பட்டம் 1799-ஆம் ஆண்டு பிறந்து, 1842-ஆம் ஆண்டு அவரோடே மாண்டது. நாற்பத்து மூன்றாண்டே வாழ்ந்த ஒரு பட்டத்திற்கு இத்துணைப் பக்கங்கள் எதற்கு என்று வினவும் அன்பர்க்கு, அதன் பிறப்பு நம் நாட்டோடு தொடர்புடையது என்பதும், அதன் இறப்பில் ஒரு நீதிக் கேள்வி அடங்கியுள்ளது என்பதுமே நம் விடை.

முதற்கண் குடும்பத்தைப் பற்றிச் சில சொற்கள். வெல்லெஸ்லியர் உண்மையில் வெல்லெஸ்லியர் அல்லர், காலியர். எட்டாம் ஹென்றியின் காலத்தில் இங்கிலாந்தினின்றும் அயர்லாந்து சென்று குடியேறிக் கில்டேர் பகுதியில் கார்பரிக் கோட்டையைத் தமதாக்கிக் கொண்ட குடும்பம் அது. மீத் பகுதியில் டாங்கன் என்னும் ஊரில் காரெட் வெஸ்லி என்ற உறவினர் ஒருவர் பெருநிலம் உடையவராய், மகப்பேறின்றி இருந்தார். அவர் தம் பெயரையும் நிலத்தையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளத் தக்க பிள்ளையைத் தேடியபோது, இங்கிலாந்தில் வறிய குருவானவர் ஒருவரின் மகனாய்ப் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த சார்ல்ஸ் வெஸ்லியை முதலிற் கேட்டாரென்றும், அச்சிறுவர் அதற்கு இசையவில்லையென்றும் வெஸ்லி குடும்ப வரலாறு கூறும். அச்சிறுவரே பின்னாளில் ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றிய சார்ல்ஸ் வெஸ்லி. ஆகவே 1728-ஆம் ஆண்டில் டாங்கன் நிலமும் வெஸ்லி என்ற பெயரும் ரிச்சர்டு காலி என்பவர்க்குச் சென்றன. அவரே 1746-இல் மார்னிங்டன் பாரன் ஆனார். ஒரு பிள்ளை 'வேண்டா' என்றமையால் ஒரு குடும்பத்தின் பெயரே மாறிற்று. அப்பிள்ளை இசைந்திருந்தால் இந்திய சரித்திரமும் கிறிஸ்தவ கீர்த்தனைகளும் எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பொழுதுபோக்கு.

அந்த பாரனின் மகன் காரெட் வெஸ்லி சங்கீதத்தில் தேர்ந்தவர். 1764-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் முதல் சங்கீதப் பேராசிரியராக அமர்ந்தவர். 1760-இல் அவர் மார்னிங்டன் ஏர்ல் என உயர்த்தப்பட்டார். பாட்டில் வல்லவர் கணக்கிலும் வல்லவராயிருத்தல் அரிதன்றோ? 1781-இல் அவர் காலமானபோது மக்களுக்கு விட்டுச் சென்றவை ஒரு பட்டமும் பல கடன்களுமே. ஆக்ஸ்போர்டிற் கற்றுக்கொண்டிருந்த மூத்த மகன் ரிச்சர்டு பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வந்து, தந்தையின் கடன்களைத் தாம் ஏற்றுத் தம்பியரைப் படிக்க வைத்தார். (பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர் பிரபுப் பட்டம் பெற்றாரென்பதை நம் மாணவர் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாகாது.) டாங்கன் மாளிகையும் 1790-களில் கைமாறிற்று, பின்னர் அது தீக்கிரையாகி இன்று இடிந்த சுவர்களாய் நிற்கிறது. 'வெஸ்லி' என்ற பெயரை 'வெல்லெஸ்லி' எனப் பழைய முறையில் எழுதத் தொடங்கியவரும் ரிச்சர்டே. தம்பி ஆர்தர் 1798-இல் அதனைப் பின்பற்றினார்.

இனி, ஐரிஷ் பட்டம் என்பது யாது என அறிந்தாலன்றி இக்கதையின் சுவை விளங்காது. அந்நாளில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்றிற்கும் தனித்தனிப் பிரபுப் பட்டங்கள் உண்டு. இங்கிலாந்துப் பட்டம் பெற்றவன் லண்டன் பிரபுக்கள் சபையில் அமர்வான். ஐரிஷ் பட்டம் பெற்றவனுக்கு அவ்வுரிமை இல்லை. ஆதலால் மந்திரிகள் எவரையேனும் மகிழ்விக்கவும் வேண்டும், அவர்க்கு அதிகாரம் எதுவும் கொடுத்துவிடவும் கூடாது என்று கருதிய இடத்தெல்லாம் ஐரிஷ் பட்டத்தை எடுத்து நீட்டினர். அயர்லாந்தில் ஓரடி நிலமும் இல்லாதவர் பலர் அயர்லாந்துப் பிரபுக்கள் ஆயினர். இந்தியாவினின்று செல்வத்தோடு திரும்பியவர்க்கு இப்பண்டம் மிகுதியாக விலைபோயிற்று. பிளாஸி வென்ற ராபர்ட் கிளைவுக்கு 1762-இல் கிடைத்தது ஐரிஷ் பாரன் பட்டமே. சென்னை கவர்னர் ஜார்ஜ் பிகட்டுக்கு 1766-இல் கிடைத்ததும் அதுவே. 1776-இல் தம் ஆலோசனைச் சபையினராலேயே சிறைப்படுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு சென்னையிற் காவலில் இருக்கும்போதே அவர் இறக்க, முறைப்படி மணந்து பெற்ற மக்கள் இல்லாமையால் பட்டமும் அவரோடு ஒழிந்தது. 1781 முதல் 1785 வரை சென்னையை ஆண்ட மக்கார்ட்னி அயர்லாந்தின் ஆன்டிரிம் பகுதியிற் பிறந்தவர். பாரன், வைக்கவுண்ட், ஏர்ல் எனப் படிப்படியாக ஏறி, 1806-இல் பிள்ளையின்றி மறைந்தார். ஏறிய படிகள் யாவும் அன்றே சரிந்தன. புனித ஜார்ஜ் கோட்டையில் அமர்ந்து ஆண்ட இருவரின் ஐரிஷ் பட்டங்கள் இங்ஙனம் ஒரு தலைமுறையோடு அற்றுப்போயின.

வெல்லெஸ்லியும் சில மாதங்கள் அக்கோட்டையில் இருந்து போர் நடத்தியவரே. கல்கத்தாவில் இருக்கவேண்டியவர், 1798-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து தங்கி, மைசூர்ப் போருக்கு வேண்டிய பணம், காளை, அரிசி, பீரங்கி யாவும் சேரும்படி அருகிருந்து கவனித்தார். 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் கோட்டை வாயிலில் போரிட்டு மடிந்தார். கொள்ளைப் பொருளிலிருந்து தமக்கு அளிக்க முன்வந்த 1,00,000 பவுனை வெல்லெஸ்லி ஏற்க மறுத்தார். அது போர்வீரர்க்குரிய பங்கைக் குறைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். கும்பெனியார் பின்னர் ஆண்டுக்கு 5,000 பவுனாக இருபதாண்டுக்கு உபகாரச் சம்பளம் அளித்தனர். பணத்தை மறுத்த இவரது பெருந்தன்மையை நாம் குறைத்துக் கூறோம். ஆனால் அவர் மனம் பணத்தின்மேல் இல்லாமற்போனதற்குக் காரணம், அது வேறொன்றின்மேல் இருந்ததேயாகும். இங்கிலாந்தின் உயர்ந்த பட்டமொன்று தமக்குக் கப்பலேறி வந்துகொண்டிருக்கிறது என்று அவர் நம்பினார்.

வந்தது 1799 டிசம்பர் 2-ஆம் தேதியிட்ட மார்க்குவிஸ் பட்டம். ஆனால் ஐரிஷ் பட்டம். செய்தி அறிந்ததும் அவருக்கு உண்டான சினமும் துயரமும் சொல்லி முடியா. உணவும் உறக்கமும் கெட்டு நோயுற்றார். தம் நண்பரும் முதல் மந்திரியுமான பிட்டுக்கு எழுதிய கடிதத்தில், இது இரட்டைப் பொன்முலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று பொருள்படக் குறிப்பிட்டார். உருளைக்கிழங்கு அயர்லாந்தின் ஏழைக் குடியானவன் உணவு. அதற்கு எத்துணைப் பொன் பூசினும் அது உள்ளே உருளைக்கிழங்குதானே என்பது அவர் கருத்து.

இவ்விடத்து நாம் சற்று நிற்க விரும்புகிறோம். இப்பரிகாசத்தை எழுதியவர் அயர்லாந்திற் பிறந்தவர். அயர்லாந்து நிலத்தின் வருவாயால் வளர்ந்தவர். அயர்லாந்துப் பட்டத்தோடு உலகிற்கு அறிமுகமானவர். தம் நாட்டுக் குடியானவனின் சோறு அவர்க்கு இழிவின் அடையாளமாகப்பட்டது. அவ்வுருளைக்கிழங்கு நோயுற்று அழிந்த 1845-ஆம் ஆண்டிலும் அதன்பின் வந்த ஆண்டுகளிலும் ஏறக்குறைய பத்து இலட்சம் ஐரிஷ் மக்கள் பசியாலும் பிணியாலும் மடிந்தனர். அதைக் காணுமுன் அவர் மறைந்துவிட்டார். அவரை நாம் இதன்பொருட்டுத் தனியாகக் குற்றஞ்சாட்டவில்லை. ஆளும் நாட்டின் மதிப்பைத் தன் மதிப்பாக ஏற்றுக்கொண்டு, பிறந்த மண்ணை அதன் கண்ணாற் பார்க்கும் வழக்கம் ஐரிஷ் பிரபுக்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு தலைமுறைக்கு முன்வரை நம்மவருள்ளும், இங்கிலீஷில் எழுதப்பட்ட நற்சாட்சிப் பத்திரத்தைச் சட்டமிட்டு மாட்டி, தமிழில் எழுதப்பட்டதைப் பெட்டியடியில் வைத்தவர் உண்டு.

அவருடைய உழைப்பினால் நம் நாட்டில் நேர்ந்தவை பல. 1799 அக்டோபரில் தஞ்சை மன்னர் சரபோஜி உடன்படிக்கையிற் கையெழுத்திட்டு, கோட்டையையும் பட்டத்தையும் வைத்துக்கொண்டு நாட்டைக் கும்பெனியார்க்கு விட்டார். அதே மாதம் 16-ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலையில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி பறிக்கப்பட்டது. இறந்த நவாபின் மகன் நிபந்தனைகளுக்கு இசையாமையால், இசைந்த வேறொருவர்க்குப் பட்டம் மட்டும் சூட்டப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரில் உயிரிழந்தனர். ஏழாண்டில் இத்துணை அரசுகளின் தலைவிதியை எழுதிய கை, தன் பெயரின்முன் நிற்கவேண்டிய ஒரு சொல்லை நினைத்து நடுங்கிற்று என்பது மனித இயற்கையின் விந்தை.

இனிப் பட்டம் அற்ற வரலாறு. 1780-களில் ரிச்சர்டு பாரிஸ் நகரில் ஹயசிந்த் காப்ரியெல் ரோலாண்ட் என்ற பிரெஞ்சு நங்கையைச் சந்தித்தார். அவர் அரங்கத்தோடு தொடர்புடையவர் என்பர். இருவரும் லண்டனில் ஒன்றாக வாழ்ந்தனர். மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தனர். அதன்பின், 1794 நவம்பர் 29-ஆம் நாள், முறைப்படி கோயிலில் மணம் நிகழ்ந்தது. மணத்தின்பின் வேறு குழந்தை பிறக்கவில்லை. கணவர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது மனைவி உடன் செல்லவில்லை. எழுதிய கடிதங்கள் கடலில் ஆறு மாதம் கிடந்து சேர்ந்தன. அன்பு அத்துணை நெடுந்தூரத்தைத் தாங்கவில்லை. 1810-இல் பிரிந்தனர், 1816-இல் அம்மையார் இறந்தார்.

ரோமன் சட்டமும் திருச்சபைச் சட்டமும், பெற்றோர் பின்னர் மணஞ்செய்துகொண்டால் முன் பிறந்த மக்களும் முறையான மக்களாவர் என்று கொண்டன. ஸ்காட்லாந்தும் அவ்வாறே கொண்டது. இங்கிலாந்தில் மட்டும் 1236-ஆம் ஆண்டு மெர்ட்டன் என்னுமிடத்திற் கூடிய பிரபுக்கள், மேற்றிராணிமார் எவ்வளவோ வேண்டியும், இங்கிலாந்தின் சட்டத்தை மாற்றோம் என்று உறுதியாகக் கூறிவிட்டனர். அன்று கூறிய மறுப்பு 690 ஆண்டு நிலைத்தது. 1926-இல் பார்லிமெண்டு அதனை மாற்றியபோதும், பிரபுப் பட்டங்களுக்கு இம்மாற்றம் பொருந்தாதென்று தனியே ஒரு பிரிவு எழுதி வைத்தது. திருச்சபை மன்னித்ததைப் பிரபுக்கள் மன்னிக்கவில்லை. ஆட்டுமந்தையும் வயலும் முன் பிறந்த பிள்ளைக்குப் போகலாம், பட்டம் மட்டும் போகலாகாது எனில், அப்பட்டத்தை வயலினும் தூயதென்று கருதினர் போலும்!

ஆகவே 1842 செப்டம்பர் 26-ஆம் நாள் வெல்லெஸ்லி இறந்தபோது, சட்டத்தின் கண்ணில் அவர் சந்ததியற்றவர். மூத்த மகன் ரிச்சர்டு 1831-இலும், கும்பெனி உத்தியோகத்தில் இந்தூரில் ரெஸிடெண்டாக விளங்கிய ஜெரால்டு 1833-இலும் தந்தைக்கு முன்னரே இறந்தனர். இளையவர் ஹென்றி உயிரோடிருந்தார். குருத்துவப் பட்டம் பெற்றவர். பின்னாளில் ஆக்ஸ்போர்டில் நியூ இன் ஹால் என்னும் கல்விக்கூடத்தின் தலைவரானவர். கல்விக்கூடமொன்றை நடத்தத் தகுதியுடையவர் தந்தையின் பட்டத்தைத் தாங்கத் தகுதியற்றவராயினார்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தந்தைவழி வந்த மார்னிங்டன் ஏர்ல் பட்டம் அறவில்லை. அது காரெட் வெஸ்லியின் ஆண்வழியில் வந்தவர் அனைவர்க்கும் உரியதென எழுதப்பட்டிருந்தமையால் தம்பி வில்லியத்துக்குச் சென்றது. அவர் மகனான நான்காம் ஏர்ல் மனைவியின் பெருஞ்செல்வத்தையெல்லாம் தொலைத்து அவப்பெயர் தேடிக்கொண்டார். அவருக்குப்பின் அவர் மகனும் 1863-இல் பிள்ளையின்றி இறக்க, அப்பட்டம் வெல்லிங்டன் கோமகன் வமிசத்தை அடைந்து இன்றும் அங்கே இருக்கிறது. மார்க்குவிஸ் பட்டமோ ரிச்சர்டு ஈன்ற முறையான ஆண்மக்கள் வழிக்கு மட்டும் உரியதென எழுதப்பட்டது. 1797-இல் அவர் பெற்ற பிரிட்டிஷ் பாரன் பட்டமும் அவ்வாறே ஒழிந்தது. பட்டயத்தில் எழுத்தர் எழுதிய ஒரு வரியின் வேறுபாடே இதற்கெல்லாம் காரணம்.

அவ்வரியை வேறு விதமாக எழுதியிருக்கலாகாதா? தாராளமாக எழுதியிருக்கலாம். 1801-இல் கடற்படைத் தலைவர் நெல்ஸனுக்கு முறையான பிள்ளை இல்லாதிருந்தமையால், அவருக்குப்பின் பட்டம் அவர் தந்தைக்கும், சகோதரிமாரின் ஆண்மக்களுக்கும் செல்லலாமென்று எழுதிக் கொடுத்தனர். கான்பூரிற் பிறந்த ஐரிஷ் குடும்பத்தவரான சேனாதிபதி ராபர்ட்ஸ் தம் ஒரே மகனை 1899-இல் போரில் இழந்தபின், 1901-இல் அவர் பெற்ற ஏர்ல் பட்டம் பெண்மக்களுக்கும் செல்லும்படி எழுதப்பட்டது. இரண்டு பெண்மக்கள் ஒருவர்பின் ஒருவராக அதனைத் தாங்கி, 1955-இல் அதுவும் முடிந்தது. ஆட்சியாளர் விரும்பியபோது சட்டம் வளையும். விரும்பாதபோது மெர்ட்டன் பிரபுக்களைக் காட்டி நிமிர்ந்து நிற்கும். வெல்லெஸ்லிக்கு மந்திரிகள் அத்துணை வளைந்து கொடுக்கவில்லை. அவரும், நாம் அறிந்தமட்டில், பட்டத்தின் நிறத்தைப் பற்றி வருந்திய அளவு அதன் வழியைப் பற்றி வருந்தவில்லை.

இக்கதையைக் கேட்ட நண்பர் ஒருவர் நம்மிடம், "பல அரசுகளை அழித்தவன் பட்டம் அழிந்தது, தெய்வம் நின்று கொன்றது" என்றார். பலர் மனத்திலும் இவ்வெண்ணம் எழக்கூடும். நாம் இதற்கு உடன்பட மாட்டோம். வெல்லெஸ்லி தம் பட்டத்தை 43 ஆண்டு குறைவின்றி அனுபவித்தார்; இருமுறை அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக டப்ளின் கோட்டையில் அமர்ந்தார்; எண்பத்திரண்டாம் வயதில் இறந்து தாம் விரும்பியபடியே ஈட்டன் கல்லூரிக் கோயிலில் அடக்கம் பெற்றார். அவர் எதையும் இழக்கவில்லை. இழந்தவர், யாதொரு பிழையும் செய்யாத ஐந்து மக்களே. பட்டம் கிடைக்காமற்போனது பெரிதன்று. தாயும் தந்தையும் மணந்து ஒரே வீட்டில் வாழக் கண்டபின்னும் தாம் அவ்வீட்டின் பிள்ளைகள் அல்லர் என்று சட்டம் கூறக்கேட்டு வளர்ந்தது பெரிது. தந்தையின் தவற்றுக்குப் பிள்ளையைத் தண்டிக்கும் விதியைத் தெய்வத்தின் நீதியென்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

அவ்விதி எத்துணைக் கொடிதென்பதைத் தஞ்சாவூரார் நன்கறிவர். 1787-இல் துளஜா மன்னர் சரபோஜியைச் சுவீகாரம் செய்துகொண்டு இறந்தபோது, கும்பெனியார் பண்டிதர்களைக் கேட்க, சுவீகாரம் செல்லாதென்று விடை வந்தது. அமர்சிங் அரியணை ஏறினார். சில ஆண்டு கழித்து மீண்டும் பண்டிதர்களைக் கேட்க, செல்லுமென்று விடை வந்தது. 1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். சாஸ்திரம் பத்தாண்டில் மாறவில்லை. கேட்டவர் விருப்பமே மாறிற்று. சரபோஜியின் மகன் சிவாஜி 1855-இல் ஆண்மகவின்றி இறந்தார். பெண்மக்கள் இருவர் இருந்தனர். பெண்ணுக்குப் பட்டமில்லை என்று கும்பெனியார் தஞ்சைப் பட்டமே அற்றதென அறிவித்து, அரண்மனைப் பொருள்களையும் கைப்பற்றினர். இராணி காமாட்சிபாய் நியாயஸ்தலம் ஏறினார், சென்னையில் வென்றார், 1859-இல் லண்டன் பிரிவி கவுன்ஸில், இது அரசின் செயல், நியாயஸ்தலம் இதில் தலையிடலாகாது என்று தள்ளிவிட்டது. அவ்வழக்கை நம் சட்டக் கல்லூரி மாணவர் இன்றும் படிக்கின்றனர். அதே 1855-இல் ஆர்க்காட்டு நவாபும் பிள்ளையின்றி இறந்தார். அவர்க்குச் சிறிய தந்தையார் இருந்தும் நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டது. 1867-இல் அச்சிறிய தந்தையார்க்கே ஆர்க்காட்டு இளவரசர் என்ற புதுப் பட்டம் கொடுக்கப்பட்டது. வெல்லெஸ்லி வெறும் பெயராக்கி விட்டுச்சென்ற இரண்டு பட்டங்களும், அவர் பட்டம் அழிந்த பதின்மூன்றாம் ஆண்டில், ஆண்வாரிசு இல்லை, நேர்வாரிசு இல்லை என்ற அதே வகைச் சொற்களால் அழிந்தன. ஆண்வழி, முறைவழி என்ற விதியை அவருடைய குடும்பத்தின்மீது செலுத்தியது தவறெனில், தஞ்சைப் பெண்மக்கள்மீது செலுத்தியதும் தவறே. முன்னதற்கு மகிழ்ந்து பின்னதற்கு அழுவோர் நியாயத்தை அளக்க இரண்டு படி வைத்திருப்பவராவர்.

அங்ஙனமாயின் பட்டங்கள் என்றும் நிலைத்திருக்க வேண்டுமென்பது நம் கருத்தோ எனின், அன்று. பிறப்பினால் வரும் பட்டத்தில் நமக்குப் பற்றில்லை. நம் குடியரசின் அரசியலமைப்பு அரசு பட்டங்கள் வழங்கலாகாதென்று விதித்திருக்கிறது. அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் பிரபுப் பட்டங்களை அரசு வழங்கலாகாதென்றே கூறுகிறது. இரு நாட்டாரும் பட்டத்தின் கையில் அடிபட்டவராதலின் ஒரே முடிவுக்கு வந்தது வியப்பன்று. நாம் வேண்டுவது, பட்டத்தை ஒழிப்பதாயின் அனைவர்க்கும் வெளிப்படையாக ஒழிக்க வேண்டுமென்பதே; ஒரு பெண் பெண்ணாய்ப் பிறந்தமையையும், ஒரு பிள்ளை சில ஆண்டு முந்திப் பிறந்தமையையும் கத்தியாகக் கொண்டு அறுத்தலாகாது.

ஐரிஷ் பட்டங்களைப் பொறுத்தவரை அவை அறுவதற்கே ஒரு கணக்கும் இருந்தது. 1800-ஆம் ஆண்டின் ஐக்கியச் சட்டப்படி, மூன்று பழைய ஐரிஷ் பட்டங்கள் அற்றால்தான் புதிதாக ஒன்று உண்டாக்கலாம். தொகை நூறாகக் குறையும்வரை இவ்விதி நிற்கும். வெல்லெஸ்லி வெறுத்த பண்டம் அவர் பெற்ற மறு ஆண்டே அருமையாகிவிட்டது! இவ்வகையிற் கடைசியாக உண்டாக்கப்பட்ட ஐரிஷ் பட்டமும் இந்தியாவுக்கு வந்த ஒருவர்க்கே கிடைத்தது. 1898-இல் வைஸ்ராயாகப் புறப்பட்ட கர்ஸன், திரும்பி வந்தபின் காமன்ஸ் சபையில் அமர வழி இருக்கவேண்டுமென்று கருதி ஐரிஷ் பாரன் பட்டம் கேட்டுப் பெற்றார். 1925-இல் அவர் இறந்தபோது மூன்று பெண்மக்கள் இருந்தும் ஆண்மகவில்லாமையால் அதுவும் அற்றது.

வெல்லெஸ்லியின் இரத்தமோ அறவில்லை. சட்டம் பிள்ளையென்று ஒப்பாத மகள் ஆன், பெண்டிங்க் குடும்பத்துச் சார்ல்ஸ் பிரபுவை இரண்டாம் மணமாக 1816-இல் மணந்தார். அவர்கள் மகன் ஒரு குருவானவர். அக்குருவானவரின் மகள் சிசிலியா ஸ்ட்ராத்மோர் ஏர்லின் மனைவியானார். சிசிலியாவின் மகள் எலிஸபெத் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இராணி. அவ்விராணியின் மகள் இரண்டாம் எலிஸபெத். 1952 முதல் 2022 வரை பிரிட்டிஷ் அரியணையில் இருந்தவரும், அவர்பின் அமர்ந்த மூன்றாம் சார்ல்ஸும், மார்க்குவிஸ் பட்டத்துக்கு ஆகாத வயிற்றின் வழியினரே. இரண்டாம் எலிஸபெத் 1961-இல் சென்னைக்கு வந்தபோது வரவேற்கத் திரண்ட கூட்டத்தில் இதனை நினைத்தவர் எத்துணைப் பேரோ!

வெல்லெஸ்லி நிறுவியவற்றுள் அவர் மிகவும் பெருமை கொண்டது கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரி. 1800-இல் தொடங்கிய அதனைக் கும்பெனி டைரக்டர்கள் செலவு மிகுதியென்று சுருக்கினர். மொழிப்பள்ளியாய்க் குறைந்து 1854-இல் மூடப்பட்டது. அதனைப் பார்த்துச் சென்னையில் 1812-இல் எல்லிஸ் துரை முயற்சியால் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தமிழ் நூல்களை அச்சேற்றித் தந்தது. அவ்வகையில் தமிழர்க்கு வெல்லெஸ்லியின் தொடர்பால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டெனக் கூறுதல் நேர்மை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் 1800-இல் கும்பெனியார் பெற்ற நிலத்துக்கும் அவர் பெயரையே இட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவருட் பெரும்பாலார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சென்ற நம்மவர். மார்க்குவிஸ் பட்டம் ஒழிந்து நெடுங்காலம் கழிந்தபின்னும் அப்பெயர் அவர்கள் நாவில் வழங்கிற்று. இன்று அந்நிலத்தின் பெயர் செபராங் பிறை.